நான்கு சென்டிமீட்டர் நம்பிக்கை

பேருந்துக் கட்டணம் முதல் கடவுச்சீட்டு வரை, தொட்டவுடன் வேலை முடிக்கும் அண்மைப்புலத் தொடர்பின் அன்றாடப் பயன்களும் அவற்றுக்கு வேண்டிய காவல்களும்

மார்க்கோனியின் கம்பியில்லாத் தந்தி 1901-இல் அட்லாண்டிக் பெருங்கடலைத் தாண்டியது முதல், வானொலி, தொலைக்காட்சி, செயற்கைக்கோள், கைப்பேசி என ஒவ்வொரு கட்டத்திலும் கம்பியில்லாத் தொழில்நுட்பத்தின் பெருமை அது கடந்த தூரத்தைக் கொண்டே அளக்கப்பட்டு வந்திருக்கிறது. அந்த மரபிலிருந்து விலகி, ஏறத்தாழ நான்கு சென்டிமீட்டருக்குள் வந்த பொருளோடு மட்டுமே பேசுவது என்ற கட்டுப்பாட்டையே தன் வலிமையாக்கிக்கொண்ட தொழில்நுட்பம் ஒன்று, கடந்த இருபது ஆண்டுகளில் அன்றாட வாழ்வில் நிலைபெற்றுவிட்டது. மெட்ரோ நிலைய வாயிலைப் பயண அட்டையால் திறப்பதும், கடையில் வங்கி அட்டையை இயந்திரத்தின் மேல் காட்டிப் பணம் செலுத்துவதும், தங்கும் விடுதியின் அறைக்கதவைச் சாவியின்றித் திறப்பதும், விமான நிலையத்தில் கடவுச்சீட்டின் உள்ளிருக்கும் சில்லைப் படிப்பதும் இந்தக் குறுந்தூரத் தொழில்நுட்பக் குடும்பத்தின் வேலைகளே. ஆங்கில முதலெழுத்துகளால் என்.எஃப்.சி. எனப்படும் இதற்குத் தமிழில் அண்மைப்புலத் தொடர்பு என்று பெயர்.

ஒரு பொருளை இன்னொன்றின் அருகே கொண்டுபோவது மனிதர் தம் கையால், தாமே நினைத்துச் செய்யும் செயல் என்பதால், அந்த அண்மையையே சம்மதமாக எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் இந்தத் தொழில்நுட்பம் நிற்கும் அடித்தளம். அந்த அடித்தளம் எங்கெல்லாம் உறுதியாக இருக்கிறது, எங்கெல்லாம் சட்டத்தாலும் நல்ல வடிவமைப்பாலும் முட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதை அறிந்துகொள்வது, பணத்தையும் பயணத்தையும் அடையாளத்தையும் அட்டைக்குள்ளும் கைப்பேசிக்குள்ளும் வைக்கத் தொடங்கியிருக்கும் ஒரு சமூகத்துக்கு இன்றியமையாதது.

மின்கலம் இல்லாத அட்டை பேசுவது எப்படி?

பயண அட்டையிலோ தொட்டுச் செலுத்தும் வங்கி அட்டையிலோ மின்கலம் கிடையாது. அட்டையின் பிளாஸ்டிக் அடுக்குகளுக்கு நடுவே, ஓரத்தை ஒட்டிச் சில சுற்றுகளாக ஓடும் மெல்லிய கம்பிச்சுருளும், அதனோடு இணைந்த சில மில்லிமீட்டர் அளவுள்ள சில்லும் மட்டுமே இருக்கின்றன. மறுபக்கத்தில், அட்டையைப் படிக்கும் கருவியிலும் ஒரு கம்பிச்சுருள் உண்டு, அதில் 13.56 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில், அதாவது வினாடிக்கு 1 கோடியே 35 லட்சத்து 60 ஆயிரம் சுழற்சிகள் என்ற வேகத்தில், மாறுமின்னோட்டம் பாயும்போது அதைச் சுற்றி அதே வேகத்தில் மாறிக்கொண்டிருக்கும் காந்தப்புலம் உண்டாகிறது. மாறும் காந்தப்புலத்துக்குள் ஒரு கம்பிச்சுருளைக் கொண்டுவந்தால் அதில் மின்னழுத்தம் தோன்றும் என்று மைக்கேல் ஃபாரடே 1831-இல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் விதிப்படி, அருகே வந்த அட்டையின் சுருளில் மின்சாரம் பிறக்கிறது. அந்தச் சிறிதளவு மின்சாரத்தில்தான் சில்லு விழித்துக்கொண்டு கணக்குப் போடுகிறது.

தனக்கென ஆற்றல் இல்லாத அட்டை பதில் சொல்லும் விதம் இதைவிட நுட்பமானது. டைனமோ விளக்குப் பொருத்திய சைக்கிளில் விளக்கு எரியும்போது மிதி கனப்பதும், விளக்கை அணைத்தால் மிதி இலகுவாவதும் ஓட்டுபவரின் காலுக்குத் தெரிவதைப் போலவே, அட்டை தன் சுருளின் மீதான மின்சுமையைக் கூட்டிக் குறைக்கும்போது அந்த மாற்றம் கருவியின் சுருளில் மிகச் சிறிய ஏற்ற இறக்கமாகத் தெரிகிறது. அந்த ஏற்ற இறக்கங்களைக் கருவி சுழியங்களாகவும் ஒன்றுகளாகவும் படித்துக்கொள்கிறது. சுமைப் பண்பேற்றம் எனப்படும் இம்முறையில் அட்டை எதையும் ஒலிபரப்புவதில்லை. கருவியின் புலத்தையே அசைத்துத் தன் பதிலைத் தெரிவிக்கிறது.

தூரக் கட்டுப்பாடும் இதே இயற்பியலிலிருந்தே வருகிறது. 13.56 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 22 மீட்டர். அதனோடு ஒப்பிடச் சுருள் மிகச் சிறியது என்பதால் ஆற்றல் அலையாகப் பரவிச் செல்லாமல் சுருளைச் சுற்றியே காந்தப்புலமாகத் தங்கிவிடுகிறது. அலையாகப் பிரிவதற்கு முன் அருகில் நிலவும் இந்தப் பகுதிக்கே அண்மைப்புலம் என்று பெயர். சுருளின் அளவைத் தாண்டிய பிறகு இப்புலம் தூரத்தின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்பத் தேய்வதால், தூரம் இரு மடங்கானால் புலத்தின் வலிமை எட்டில் ஒரு பங்காகிவிடுகிறது. ஆகவே நான்கு சென்டிமீட்டரில் நன்றாக வேலை செய்யும் அட்டை பத்து சென்டிமீட்டரைத் தாண்டினால் பெரும்பாலும் மௌனமாகிவிடும். தகவல் செல்லும் வேகமும் வினாடிக்கு 106 முதல் 424 கிலோபிட் வரைதான். படங்களையும் காணொளிகளையும் அனுப்ப இது போதாது என்றாலும், ஓர் அட்டையின் அடையாளத்தைச் சரிபார்க்க இது தாராளம். அட்டையின் மீது அச்சிட்டிருக்கும் நான்கு வளைகோடுகளைப் பார்த்து அதை வைஃபை அட்டை என்று அழைக்கும் வழக்கம் கடைத்தெருவில் இருந்தாலும், வைஃபைக்கும் இதற்கும் தொடர்பில்லை. சுங்கச்சாவடிகளில் வாகனக் கண்ணாடியில் ஒட்டப்படும் ஃபாஸ்டேகும் வேறு வகை; சில மீட்டர் தொலைவிலிருந்தே படிக்கப்பட வேண்டியிருப்பதால் அது பன்மடங்கு உயர்ந்த அதிர்வெண்ணில் இயங்குகிறது.

ரயில் வாயிலில் பிறந்த வேகம்

குறுந்தூர அட்டைகள் மக்கள் கைக்கு முதலில் வந்தது வங்கிகள் வழியாக அன்று, பொதுப் போக்குவரத்து வழியாகவே. ஹாங்காங்கில் 1997 செப்டம்பர் 1 அன்று அறிமுகமான ஆக்டோபஸ் அட்டை, ஜப்பானின் சோனி நிறுவனம் உருவாக்கிய ஃபெலிக்கா சில்லைக் கொண்டு, ரயில்களையும் பேருந்துகளையும் ஒரே அட்டைக்குள் கொண்டுவந்தது. முதல் மூன்று மாதங்களிலேயே 30 லட்சம் அட்டைகள் மக்களிடம் சென்று சேர்ந்தன. நான்கு ஆண்டுகள் கழித்து, 2001 நவம்பர் 18 அன்று, கிழக்கு ஜப்பான் ரயில்வே தோக்கியோ வட்டாரத்தின் 424 நிலையங்களில் சுய்க்கா அட்டையை நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

நெரிசல் நேரத்தில் ஒரு வாயிலை நிமிடத்துக்கு 60 பேர் கடக்க வேண்டும் என்பது அந்த ரயில்வேயின் தேவையாக இருந்தது. நடந்துகொண்டே அட்டையைக் காட்டுபவரின் கை கருவியின் புலத்துக்குள் இருப்பது ஏறத்தாழ 0.2 வினாடி மட்டுமே என்பதால், அடையாளம் காண்பது, கட்டணம் கணக்கிடுவது, மீதியை அட்டையில் எழுதுவது, எழுதியதைச் சரிபார்ப்பது ஆகிய எல்லாம் அதற்குள் முடிந்தாக வேண்டும். வெள்ளோட்டங்களில் சில்லின் வேகத்தைவிடப் பெரிய இடையூறாக இருந்தது மனிதரின் கைப்பழக்கம்: எங்கே காட்டுவது, எப்படிக் காட்டுவது என்று தெரியாமல் பலர் அட்டையைச் செங்குத்தாகப் பிடித்தார்கள், சிலர் அசைத்துவிட்டு உடனே எடுத்துக்கொண்டார்கள். வடிவமைப்பாளர் ஷுன்ஜி யமனாக்கா பல வடிவங்களைப் பயணிகளிடம் கொடுத்துப் பார்த்து, படிக்கும் தளத்தை 13.5 பாகை சாய்வாகப் பயணியை நோக்கியபடி அமைத்து அதில் ஒளிரும் குறியையும் வைத்தால் மக்கள் தாமாகவே அட்டையைப் பதிக்கிறார்கள் என்று கண்டறிந்தார். தொடாமலே படிக்கக்கூடிய கருவியின் மீது அட்டையைத் தொடச் சொன்னதற்கும் காரணம் உண்டு; தொடும் கை ஒரு கணம் நிற்கும், அந்த ஒரு கணம்தான் சில்லுக்கு வேண்டியது. சில பாகைச் சாய்வு ஒரு பெருநகரின் காலை நெரிசலைத் தீர்மானித்தது என்பது, பொதுப் பயன்பாட்டுக் கருவிகளை வாங்கும் ஒவ்வோர் அரசு நிறுவனமும் மனத்தில் கொள்ள வேண்டிய பாடம்.

ஃபெலிக்காவை உருவாக்கிய சோனியும், மிஃபேர் என்ற மற்றொரு அட்டைக் குடும்பத்தைக் கையில் வைத்திருந்த பிலிப்ஸும் 2002-இல் கைகோத்ததிலிருந்து அண்மைப்புலத் தொடர்பு தனிப் பெயருடன் உருப்பெற்றது. நோக்கியாவும் சேர்ந்து 2004-இல் தொடங்கிய என்.எஃப்.சி. மன்றம் அதற்குப் பொதுத் தரங்களை வகுத்தது. அட்டை எப்போதும் அட்டையாகவும் கருவி எப்போதும் கருவியாகவும் இருந்த பழைய ஏற்பாட்டில், இரண்டு வேடங்களையும் ஏற்கக்கூடிய கைப்பேசியைக் கொண்டுவந்ததே இதன் புதுமை. கைப்பேசி கடை இயந்திரத்தின் முன் வங்கி அட்டையாக நடிக்கலாம். சுவரொட்டியில் பதித்த சில்லின் முன் கருவியாக மாறி அதைப் படிக்கலாம். இன்னொரு கைப்பேசியோடு சமமாகவும் பேசலாம்.

சென்னையும் சில்லறைச் சிக்கலும்

இந்தியாவில் தில்லி மெட்ரோ 2002-இல் ஓடத் தொடங்கியபோதே தொடாமல் படிக்கும் அட்டைகளும் வில்லைகளும் வந்துவிட்டன. ஆனால் ஒவ்வொரு நகரமும் தனக்கென ஓர் அட்டையை வைத்துக்கொண்டதால் ஓரூரின் அட்டை மற்றோர் ஊரில் செல்லாக் காசாயிற்று. இதை மாற்றும் நோக்கில் 2019 மார்ச் 4 அன்று அகமதாபாதில் தொடங்கிவைக்கப்பட்ட தேசியப் பொதுப் பயண அட்டை, ரூபே வழித்தடத்தில் இயங்குவது. எந்த நகரின் மெட்ரோவிலும் பேருந்திலும் ஒரே அட்டை செல்ல வேண்டும் என்பது அதன் இலக்கு. சென்னை மெட்ரோ 2023 ஏப்ரலில் பாரத ஸ்டேட் வங்கியோடு சேர்ந்து 'சிங்காரச் சென்னை' என்ற பெயரில் இந்த அட்டையைக் கொண்டுவந்தது. 2025 தொடக்கத்தில் மாநகரப் போக்குவரத்துக் கழகப் பேருந்துகளிலும் அதே அட்டை ஏற்கப்படலாயிற்று.

இந்த அட்டையின் சிறப்பு, பணத்தின் ஒரு பகுதி அட்டையின் சில்லுக்குள்ளேயே எழுதப்பட்டிருப்பதில் இருக்கிறது. பேருந்து எந்தச் சாலையில் போனாலும், கைப்பேசிக் கோபுரத்தின் சமிக்ஞை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், நடத்துநரின் கையடக்கக் கருவி வங்கியைக் கேட்காமலேயே அட்டையிலுள்ள இருப்பிலிருந்து கட்டணத்தைக் கழித்துக்கொள்ளும். இவ்வாறு சில்லில் வைக்கக்கூடிய தொகைக்கு 2,000 ரூபாய் என்ற உச்சவரம்பு உண்டு. கடவுச்சொல் கேட்கப்படாத பணம் என்பதால் அட்டை யார் கையில் இருக்கிறதோ அவரே அதைச் செலவழிக்க முடியும் என்பதற்கான காவல் அது. இணையத்தில் பணம் ஏற்றினாலும், நிலையத்தில் உள்ள கருவியில் அட்டையை ஒருமுறை காட்டினால்தான் அந்தத் தொகை சில்லில் பதிவாகும் என்பது பலருக்குத் தெரியாததால், பணம் போட்டும் வாயில் திறக்கவில்லை என்ற குழப்பம் எழுகிறது. அட்டை கொடுக்கும் இடத்திலேயே சொல்லப்பட வேண்டிய செய்தி இது.

'சில்லறையா கொடுங்க' என்ற குரல் எழாத பேருந்துப் பயணம் தமிழ்நாட்டில் அரிது. சில்லறை இல்லாதபோது மீதி ரூபாய் சீட்டின் பின்புறத்தில் எழுதப்பட்டு, இறங்கும் அவசரத்தில் மறக்கப்படுவது பயணிக்கு இழப்பு. ஒவ்வொரு நிறுத்தத்திலும் மீதிக் கணக்கோடு நெரிசலில் நகர்வது நடத்துநருக்குச் சுமை. இந்த இரண்டையும் ஒரே தொடுகை தீர்க்கிறது. திரையைத் திறந்து, செயலியைத் தேடி, ஒளிப்படக் கருவியைக் குறிவைத்து, கடவுச்சொல் இட்டு, இணையம் வரும்வரை காத்திருக்க ஓடும் பேருந்தில் இடமும் நேரமும் இல்லாததால், கைப்பேசியால் கட்டணம் செலுத்தும் வழிகளைவிட அட்டையைத் தொடும் முறையே அங்கு இயல்பாகப் பொருந்துகிறது.

தமிழும் ஆட்சிமொழியாக உள்ள சிங்கப்பூரில் நடந்தது இங்கே பயன்படும் படிப்பினை. அட்டைக்குள் பணம் இருந்த பழைய முறையைக் கைவிட்டு, கணக்கு முழுவதையும் மையக் கணினிக்கு மாற்றப்போவதாக அந்நாட்டுத் தரைப் போக்குவரத்து ஆணையம் 2024 ஜனவரியில் அறிவித்தது. புதிய முறையில் வாயிலின் திரையில் கழிக்கப்பட்ட கட்டணமும் மீதி இருப்பும் தெரியாது என்றதும் பயணிகளிடமிருந்து, குறிப்பாக மூத்தோரிடமிருந்து, கடும் எதிர்ப்பு எழுந்தது. அந்த மாதம் 22-ஆம் தேதியே முடிவு திரும்பப் பெறப்பட்டு, பழைய முறையைத் தொடர 4 கோடி சிங்கப்பூர் டாலர் ஒதுக்கப்பட்டது. கையிலிருக்கும் பணம் எவ்வளவு என்று அந்த இடத்திலேயே கண்ணால் காண்பது சாதாரண மனிதரின் உரிமை, வசதிக்காக விட்டுக்கொடுக்கக்கூடிய அலங்காரம் அன்று என்பதைச் சிங்கப்பூர்ப் பயணிகள் நிலைநாட்டினர்.

கடைத்தெருவில் தொடுதலும் கட்டங்களும்

கடையில் வங்கி அட்டையைத் தொட்டுச் செலுத்தும்போது இயந்திரத்துக்குச் செல்வது அட்டை எண் மட்டுமன்று. ஒவ்வொரு செலுத்தலுக்கும் சில்லு தன்னுள் இருக்கும் இரகசியத் திறவுகோலைக் கொண்டு, அந்த ஒரு தடவைக்கு மட்டுமே செல்லுபடியாகும் மறைக்குறி ஒன்றைக் கணக்கிட்டுத் தருகிறது. அதை யாரேனும் ஒட்டுக்கேட்டு மறுநாள் திரும்ப அனுப்பினாலும் வங்கி ஏற்காது. கைப்பேசியால் செலுத்தும்போது காவல் இன்னும் ஒரு படி கூடுகிறது: உண்மையான அட்டை எண் கைப்பேசியில் வைக்கப்படுவதே இல்லை, வில்லையெண் எனப்படும் மாற்று எண் மட்டுமே அந்தக் கருவிக்கென வழங்கப்படுகிறது, விரல்ரேகையோ முகமோ கடவுச்சொல்லோ கேட்டுக் கைப்பேசி திறந்த பிறகே அது செலுத்தப்படுகிறது.

இந்திய ரிசர்வ் வங்கி 2015-இல் கடவுச்சொல் இல்லாமல் தொட்டுச் செலுத்தும் தொகைக்கு 2,000 ரூபாய் வரம்பு விதித்து, பெருந்தொற்றுக் காலத்தில் 2021 ஜனவரி 1 முதல் அதை 5,000 ரூபாயாக உயர்த்தியது. அதைவிட முக்கியமானது 2020-இல் அது பிறப்பித்த ஆணை: புதிய அட்டைகளில் தொட்டுச் செலுத்தும் வசதி அணைக்கப்பட்ட நிலையிலேயே வழங்கப்பட வேண்டும், வேண்டுமென்று கேட்பவர் அதைத் தாமே இயக்கவும், வரம்பைக் குறைக்கவும், எந்த நேரத்திலும் நிறுத்தவும் வங்கிகள் வழி செய்து தர வேண்டும். அண்மை என்ற இயற்பியல் சம்மதத்தோடு அட்டைதாரரின் வெளிப்படையான சம்மதத்தையும் சேர்த்துக் கேட்கும் இந்த ஏற்பாடு, இந்தத் துறையில் இந்தியா செய்த நல்ல காரியங்களில் ஒன்று.

ஆனாலும் இளநீர் வண்டியிலும் பூக்கடையிலும் கோலோச்சுவது கருப்பு வெள்ளைக் கட்டங்களாலான கியூ.ஆர். குறிதான். இதற்குக் காரணம் மக்களின் அறியாமை அன்று, பொருளாதாரம். கியூ.ஆர். குறிக்கு ஒரு தாள் போதும். தொடுதலுக்குக் கடைக்காரர் கார்டு மெஷின் வைக்க வேண்டும். யு.பி.ஐ. வழியாகவும் ரூபே பற்று அட்டை வழியாகவும் வரும் பணத்துக்கு வணிகரிடம் கழிவு பிடிக்கக் கூடாது என்ற விதி 2020 ஜனவரி முதல் நடப்பில் இருப்பதால், மற்ற அட்டைகளுக்குக் கழிவு கொடுக்கும் நிலையிலுள்ள சிறு வணிகருக்குக் கியூ.ஆர். குறியே இலாபம். இந்த இடைவெளியைக் குறைக்கும் முயற்சிகளும் நடக்கின்றன: கடைக்காரரின் கைப்பேசியையே கார்டு மெஷினாக மாற்றும் செயலிகள் வந்துள்ளன, இரு கைப்பேசிகளை அருகருகே வைத்து இணையமே இல்லாமல் சிறு தொகைகளை மாற்றிக்கொள்ளும் யு.பி.ஐ. லைட் எக்ஸ் வசதி 2023 செப்டம்பரில் அறிமுகமானது.

கண் தெரியாதவர்களுக்கு இந்த இரு முறைகளுக்கும் உள்ள வேறுபாடு வசதி சார்ந்தது மட்டுமன்று. எங்கோ ஒட்டப்பட்டிருக்கும் குறியை ஒளிப்படக் கருவிக்குள் சரியாகக் கொண்டுவருவது அவர்களுக்குப் பிறர் துணையின்றி மிகக் கடினம். தொடுதலோ கையால் தேடிக் கண்டடையக்கூடியது, வேலை முடிந்ததை ஒலியாலும் அதிர்வாலும் சொல்லக்கூடியது. இணையவழிச் சேவைகளை அணுகுவது உயிர்வாழும் உரிமையின் ஒரு கூறு என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் தீர்ப்பளித்திருக்கும் நிலையில், பொது இடங்களில் கியூ.ஆர். குறியை மட்டுமே ஒரே வழியாக வைப்பது நியாயமாகாது.

பணத்துக்கு அப்பால்

குறுந்தூரத் தொடர்பின் மிக மனிதநேயமான பயன்களில் ஒன்று நீரிழிவு நோயாளியின் மேற்கையில் இருக்கிறது. 2014-இல் ஐரோப்பாவில் அறிமுகமான ஃப்ரீஸ்டைல் லிப்ரே உணரி, பழைய ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிய வட்டமாக மேற்கையின் பின்புறத்தில் ஒட்டிக்கொண்டு, தோலுக்கடியில் செல்லும் மெல்லிய இழையின் மூலம் திசுநீரிலுள்ள சர்க்கரையை அளக்கிறது. 15 நிமிடத்துக்கு ஒரு பதிவு என எட்டு மணி நேர அளவுகளை அது நினைவில் வைத்திருக்கும். சட்டையைக்கூடக் கழற்றாமல் அதன் மேல் கருவியையோ கைப்பேசியையோ காட்டினால் அவ்வளவும் திரையில் கோடாக விரியும். ஒவ்வொரு முறையும் விரலைக் குத்திக்கொள்ள வேண்டிய வேதனை பெருமளவு குறைகிறது. திசுநீரின் அளவு இரத்தத்தின் அளவைச் சில நிமிடங்கள் தாமதமாகவே பின்தொடரும் என்பதால், உடல்நிலைக்கும் காட்டும் எண்ணுக்கும் பொருத்தமில்லாதபோது விரல்நுனிச் சோதனை இன்னும் தேவைப்படுகிறது. பின்னர் வந்த வகைகள் அளவுகளை அனுப்பப் புளூடூத்தைப் பயன்படுத்தினாலும், உணரியை முதலில் இயக்கிவைப்பது தொடுகைதான்.

கடவுச்சீட்டுக்குள் சில்லு வைக்கும் வழக்கத்தை 1998-இல் மலேசியா தொடங்கிவைத்தது. இந்தியாவில் 2024 ஏப்ரலில் முன்னோட்டமாகத் தொடங்கிய மின்கடவுச்சீட்டு, 2025 மார்ச் முதல் சென்னை மண்டல அலுவலகத்திலும் வழங்கப்படுகிறது. அட்டையின் முகப்பில் அச்சிட்டிருக்கும் சிறு பொன்னிறக் குறியே அதன் அடையாளம். அச்சிலுள்ள விவரங்களும் ஒளிப்படமும் சில்லுக்குள்ளும் இருக்கின்றன. வழங்கிய அரசின் மின்கையொப்பம் அவற்றின் மீது இருப்பதால், படத்தை மாற்றி ஒட்டும் பழைய மோசடி இதில் உடனே பிடிபடும். சட்டைப்பைக்குள் இருக்கும் கடவுச்சீட்டை அருகில் நிற்பவர் படித்துவிட முடியாது. கடவுச்சீட்டு எண், பிறந்த தேதி, காலாவதித் தேதி போன்ற உள்பக்க விவரங்களைத் திறவுகோலாகக் கொண்டே சில்லு பேசத் தொடங்கும் என்பதால், புத்தகத்தைத் திறந்து கொடுத்தால்தான் அது படிக்கப்படும்.

நூலகங்களில் புத்தகத்தின் உள்ளட்டையில் ஒட்டப்படும் சில்லுகளும் இதே 13.56 மெகாஹெர்ட்ஸ் குடும்பத்தைச் சேர்ந்தவையே. கார்க் கதவைத் திறக்கும் கைப்பேசிச் சாவி, பெட்டிமீது கைப்பேசியை வைத்தவுடன் இணைந்துகொள்ளும் ஒலிபெருக்கி, முகவரி அட்டைக்குப் பதிலாகத் தொட்டுப் பகிரும் தொடர்பு விவரம் என இப்பட்டியல் நீளும்.

அண்மை ஏமாற்றப்படும்போது

நெரிசலில் ஒருவர் கார்டு மெஷினைப் பிறர் சட்டைப்பையருகே கொண்டுபோய்ப் பணத்தை எடுத்துவிடுவார் என்ற அச்சம் பரவலாக உண்டு. அது இயற்பியல்படி முற்றிலும் இயலாதது அன்று. ஆனால் அந்த மெஷின் ஒரு வங்கிக்கணக்கோடும் அடையாளம் சரிபார்க்கப்பட்ட வணிகரோடும் பிணைக்கப்பட்டிருப்பதால் திருடியவர் தம் முகவரியையே விட்டுச்செல்ல நேரிடும். பையில் இரண்டு மூன்று அட்டைகள் அடுத்தடுத்து இருந்தால் கருவி குழம்பி மறுத்துவிடவும் கூடும்.

மெய்யான ஆபத்துகள் வேறு இடங்களில் இருந்தே வந்துள்ளன. முதலாவது, பழைய பூட்டுகள். உலகெங்கும் பயண அட்டைகளிலும் கதவுச் சாவிகளிலும் பரவியிருந்த மிஃபேர் கிளாசிக் சில்லின் இரகசிய மறையாக்க முறையை 2008-இல் நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முறியடித்துக் காட்டினர். ஆய்வை வெளியிடக் கூடாது என்று கோரி அச்சில்லைத் தயாரித்த நிறுவனம் வழக்குத் தொடுத்தும், அறிவியல் முடிவை வெளியிடும் உரிமையை அந்நாட்டு நீதிமன்றம் நிலைநிறுத்தியது. பொறிமுறையை மறைத்துவைப்பதால் கிடைக்கும் பாதுகாப்பு நிலையானதன்று என்ற இந்தப் படிப்பினைக்குப் பிறகும், மலிவு கருதிப் பழைய சில்லுகளை வாங்கிக் கதவுகளில் பொருத்தும் போக்கு நின்றபாடில்லை.

இரண்டாவது, தொலைவிலிருந்து அண்மையைப் போலியாக உருவாக்குவது. செக் நாட்டில் 2024-இல் கண்டறியப்பட்ட என்கேட் என்ற தீநிரல், வங்கிச் செயலி போல் நடித்து, அட்டையைக் கைப்பேசியின் பின்புறம் வைக்கும்படியும் கடவுச்சொல்லை இடும்படியும் கேட்டது. அந்த அட்டையின் பேச்சு இணையம் வழியாக எங்கோ இருந்த திருடனின் கைப்பேசிக்கு அஞ்சல் செய்யப்பட்டு, அங்கே ஏ.டி.எம்.-இல் பணமாக எடுக்கப்பட்டது. சில்லும் மறைக்குறியும் பழுதின்றி வேலை செய்தன. ஏமாற்றப்பட்டது மனிதரின் நம்பிக்கை. அட்டையைச் 'சரிபார்க்க' அதைச் சொந்தக் கைப்பேசியில் வைக்கச் சொல்லிக் குறுஞ்செய்தியோ அழைப்போ வந்தால், அதை மோசடி என்றே கொள்ள வேண்டும்.

அட்டை தொலைந்தால் வங்கிச் செயலியிலோ தொலைபேசியிலோ உடனே முடக்குவதும், வெளிநாட்டுச் செலுத்தல்களைத் தேவைப்படும் நாட்களில் மட்டும் திறந்துவைப்பதும், தொடுதல் வரம்பைத் தம் செலவுக்கேற்பக் குறைத்துவைப்பதும் எளிய காவல்கள். வாடிக்கையாளரோ வங்கியோ காரணமல்லாத மூன்றாமவர் மோசடியை, வங்கியிடமிருந்து தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பே கூடாது என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் பிறப்பித்த ஆணை சொல்கிறது. இந்த விதியை அறிந்தவர் மிகக் குறைவு. அட்டையோடு வரும் தாளில் பெரிய எழுத்தில் தமிழில் அச்சிடப்பட வேண்டிய வரி இது.

பயணக் குறிப்பு யாருக்குச் சொந்தம்?

திருட்டைவிட மெல்லியதாகவும் நீடித்ததாகவும் இருக்கும் ஆபத்து ஒன்று உண்டு. நாணயம் யாருடையது என்று யாரும் குறித்துவைப்பதில்லை. அட்டையோ எந்த நிலையத்தில் எந்த நிமிடம் நுழைந்தது, எங்கே வெளியேறியது, எந்தக் கடையில் எவ்வளவு செலவழித்தது என்று ஒவ்வொரு தொடுதலுக்கும் ஒரு வரி விட்டுச்செல்கிறது. ஹாங்காங்கின் ஆக்டோபஸ் நிறுவனம் கிட்டத்தட்ட 20 லட்சம் வாடிக்கையாளர்களின் சொந்த விவரங்களை வணிக நிறுவனங்களுக்கு அளித்து 4.4 கோடி ஹாங்காங் டாலர் ஈட்டியதை 2010-இல் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. மக்களின் கொந்தளிப்பைத் தொடர்ந்து தலைமை நிர்வாகி பதவி விலகினார், 2012-இல் தனியுரிமைச் சட்டமே திருத்தப்பட்டது. இந்தியாவில் 2023-இல் நிறைவேறிய எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சேகரித்த நோக்கத்துக்கு அப்பால் தரவைப் பயன்படுத்தத் தனிச் சம்மதம் கேட்கச் சொல்கிறது. அந்தச் சட்டத்தின் மெய்யான சோதனை, பல லட்சம் பேர் அன்றாடம் தொட்டுச்செல்லும் பேருந்துகளிலும் மெட்ரோ வாயில்களிலும்தான் நடக்கும்.

அடுத்த கட்டம்

கருவிகளுக்குச் சான்றளிக்கும்போது உறுதி செய்யப்படும் தூரம் இதுவரை 0.5 சென்டிமீட்டராக இருந்தது, என்.எஃப்.சி. மன்றம் 2025-இல் வெளியிட்ட புதிய தரம் அதை 2 சென்டிமீட்டர் ஆக்கியிருக்கிறது. கைப்பேசியின் எந்தப் பக்கத்தைக் காட்டுவது என்று தடுமாறும் நேரம் இதனால் குறையும். ஐஃபோன்களில் தொட்டுச் செலுத்தும் சில்லைத் தன் சேவைக்கு மட்டுமே வைத்திருந்த ஆப்பிள் நிறுவனம், 2024-இல் ஐரோப்பிய ஆணையத்துக்குக் கொடுத்த உறுதிமொழிப்படி அதைப் பிற நிறுவனங்களுக்கும் திறந்துவிட்டது. தொழில்நுட்பம் தன் வழியில் முன்னேறும். அதைப் பொதுநன்மையாக்கும் பொறுப்பு அரசுகளையும் வங்கிகளையும் சேர்ந்தது.

அந்தப் பொறுப்பின் கூறுகள் தெளிவானவை. சென்னையில் தொடங்கிய பேருந்து அட்டை, சில்லறைச் சிக்கல் மிகுந்த நகரப் பேருந்துகளுக்கும் மப்சல் பேருந்துகளுக்கும் தமிழ்நாடு முழுவதும் செல்ல வேண்டும். அதில் பணம் ஏற்றும் வசதி மெட்ரோ நிலையத்தில் மட்டுமின்றித் தெருமுனை மளிகைக்கடையிலும் கிடைக்க வேண்டும். கழித்த கட்டணமும் மீதி இருப்பும் ஒவ்வொரு முறையும் திரையிலும் குரலிலும் தெரிய வேண்டும். பெயரும் கணக்கும் கேட்காத சிறுதொகை அட்டை, விரும்புபவர்களுக்குத் தொடர்ந்து கிடைக்க வேண்டும். பயணக் குறிப்புகளை எத்தனை நாள் வைத்திருப்பார்கள், யாருக்குத் தருவார்கள் என்பதைப் போக்குவரத்துக் கழகங்கள் எழுத்தில் அறிவிக்க வேண்டும். அட்டையோ கைப்பேசியோ இல்லாதவரிடம் ரூபாய் நாணயத்தை வாங்க மறுக்கும் நிலை எந்தப் பேருந்திலும் வந்துவிடக் கூடாது. கையை நீட்டினால்தான் இயங்குவது என்ற விதியை இந்தத் தொழில்நுட்பத்தின் சில்லுக்கு இயற்பியல் விதித்திருக்கிறது. அந்தச் சில்லைச் சுற்றி அமையும் கட்டணங்களும் வரம்புகளும் தரவுச் சேமிப்பும் அதே விதிக்குக் கட்டுப்பட்டு, மக்கள் தாமாகக் கொடுத்ததற்கு மேல் எதையும் எடுத்துக்கொள்ளாமல் இருந்தால்தான் அவர்கள் வைத்த நம்பிக்கைக்கு அவை தகுதியுடையவை ஆகும்.